கடைசி ஆள் வரும் நேரம்

– இதையா டயருன்னு தூக்கிட்டு வந்திய, ஜெயபிரியா டீச்சர்?

– ஏன் ரபீக் பாய், வட்டமாத்தானே இருக்கு?

– மாட்டுவண்டிச் சக்கரமும் வட்டமாத்தான் இருக்கும். ஓரத்துல கம்பி வேற. மடிச்சுப் பையில வைக்கக்கூட முடியாது. ரேசுக்குப் போற சைக்கிள்ல இத மாட்டினா, பின்னால பால் கேனையும் கட்டிருங்க. போற வழியில நாலு வீட்டுக்கு ஊத்திட்டுப் போகலாம்.

– ஊத்துனாப் போச்சு. வெலை கொறஞ்சதுன்னா கேவலமா பாய்?

– வெலைய நான் பேசல. கொறஞ்ச வெலையிலயும் நல்லது உண்டு. இது அகலம். ஷார்ஜாவுல இருக்கையில வெள்ளிக்கிழமை தவறாம வெள்ளைக்காரங்க கூட ஓட்டினவன் நான். அங்கன எவனும் இத்தன தடியா ஒண்ண மாட்டி நான் பாக்கல.

– அங்கன ரோடு சுத்தமா இருக்கும். இங்கன சீசனுக்கு வாரவன் அருவியில குளிச்சிட்டுச் சும்மாவா போறான், பாட்டில ஒடச்சிப் போட்டுட்டுல்லா போறான்.

– பாத்து ஓட்டணும். கண்ணு எதுக்கு இருக்கு?

– சாரல் விழுத நேரத்துல கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியுமாக்கும்? அதுவும் எண்ணெ தேச்சவன் சொட்டச் சொட்ட நடந்து போன ரோட்டுல? சில்லப் பாக்கதா, வழுக்காம இருக்கதா? குற்றாலத்தத் தாண்டினா அடுத்தது கருவ முள்ளு. இந்த டயரோட இலத்தூரு, ஆய்க்குடின்னு சுத்திட்டு வந்தேன். முள்ளு ஒடிஞ்சு நின்னுச்சே தவிர உள்ள எறங்கல.

– முள்ளு எறங்காது, சரி. வேகமும் ஏறாது.

– அதையும் பாத்தேன். காத்தக் கொஞ்சம் கொறச்சு வச்சா இந்த டயரு கல்லு ரோட்டுல அமந்து உருளுது. மெல்லிசு டயரு குதிக்கு. குதிச்சா வேகம் எங்கன இருந்து வரும்?

– ஏட்டி சஃப்ரின், இங்கன வா. டீச்சர் சயன்ஸ் பாடம் நடத்துதாங்க, வந்து கேட்டுட்டுப் போ.

– அடுப்படி வரைக்கும் கேக்கத்தான் செய்யுது. டீய எடுத்துக்கோங்க டீச்சர், இவங்க பேச்சக் கேட்டு ஆற விட்ராதிய. அந்த நாற்காலியில உக்காருங்க. சோபாவுல உக்கார முடியாது, இவங்க சைக்கிள் படுத்திருக்கு.

– அது ரெஸ்ட் எடுக்குட்டி. ஞாயித்துக்கிழமை ஓடணும்லா.

– நானுந்தான் தெனமும் ஓடுதேன். என்னைய எந்தச் சோபாவுல படுக்க வச்சிய?

– பாத்தியளா டீச்சர், இவளுக்கெல்லாம் என்ன தெரியும்? என் டயரத் தொட்டுப் பாருங்க. பாம்புச் சட்ட மாதிரி இருக்கா? ரேசுன்னா இது. உங்களுக்கு ரேசுக்கும் வேணும், அடுத்த மாசம் கொல்லம் வரைக்கும் போயிட்டு வரவும் வேணும், ரெண்டுக்கும் ஒரே சோடி. கல்யாண வீட்டுக்கும் களையெடுக்கப் போகவும் ஒரே சேலையக் கட்டுவியளா?

– கிழியாத சேலைன்னா கட்டுவேன்.

– கட்டுவிய, கட்டுவிய. இங்க பாருங்க. டீம்ல நானு, சமீரு, பென்னி. ரத்தினம் முட்டிவலின்னு ஒதுங்கிட்டான். மிச்சம் இருக்கது ஒரு எடம். அதுக்கு எத்தன பேரு என் வாசல்ல வந்து நிக்கான் தெரியுமா? இந்த டயரோட உங்களச் சேத்தா செங்கோட்டை டீமுக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

– போன மாசம் புளியறையில சிரிச்சாங்களே, அந்த மாதிரியா?

– அது வேற.

– என்ன வேற? நீங்க சொன்னியன்னுதான் சமீரும் பென்னியும் அந்தப் பாம்புச் சட்டைய மாட்டினாங்க. செக்போஸ்டுகிட்ட சமீருக்கு முன் டயரு போச்சு. கொஞ்சம் தள்ளிப் பென்னிக்குப் பின் டயரு. லாரிக்காரங்க கூடி நின்னு வேடிக்க பாத்தாங்களாம். பென்னி உங்களுக்குப் போன் போட்டதுக்கு, நான் வீட்டுக்கு வந்துட்டேன், நீங்க மெல்ல வாங்கன்னு சொன்னியளாம்.

– பின்ன? ஒருத்தனுக்குப் பஞ்சர்னா எல்லாரும் உக்காந்து ஒப்பாரி வைக்கணுமா? அன்னைக்கு நான் போயிட்டு வந்த வேகத்த இந்தத் தென்காசியில எவனும் தொடல.

– ஏங்க, அன்னைக்கு எல்லாரும் நல்லபடியா வந்துட்டாங்கன்னுல்லா எங்கிட்ட சொன்னிய? உக்காந்து ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னியளே, அந்தப் பிள்ளைக அப்ப புளியறையிலயா நின்னுச்சு?

– சஃப்ரின், நீ டீ கிளாஸ எடுத்துட்டு உள்ள போ.

– இந்தத் தடவ விதி மாறியிருக்கு, தெரியும்லா பாய். மொத ஆளு வந்த நேரம் கணக்குல கெடையாது. நாலு பேருல கடைசி ஆளு எப்ப கோட்டத் தாண்டுதானோ, அதுதான் டீமோட நேரம்.

– தெரியும். ஓட்டத் தெரியாதவனுக்காகப் போட்ட விதி. முன்னால போறவன் காத்தக் கிழிச்சுக் குடுக்கான். பின்னால வாரவன் ஒட்டிக்கிட்டே வரணும். முடியலன்னா பஸ்ஸப் புடிச்சு வரட்டும்.

– பஸ்ஸுல வாரவனுக்கு நேரம் குறிக்க மாட்டாங்களே.

– உங்க கூடப் பேசினா இதான், கரும்பலகைக்கு முன்னால நிக்கது மாதிரியே இருக்கு. முடிவாச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. இந்தத் தடி டயர வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுங்க. நான் சொல்லுத மெல்லிசு டயர மாட்டிட்டு வாங்க, நாலாவது எடத்தத் தாரேன். இல்லன்னா ரோட்டோரமா நின்னு கை தட்டுங்க.

– அவங்க கை தட்டினாலும் நீங்க திரும்பியா பாக்கப் போறிய?

– ஏட்டி, உள்ள போன்னேன்.

– அவ்வளவுதானா பாய்? யோசிக்கதுக்கு ஒண்ணுமே இல்லையா?

– இல்ல. என் டீமு, என் பேச்சு. சந்தேகம்னா சமீரக் கேளுங்க, பென்னியக் கேளுங்க.

– அவங்களக் கேட்டுட்டுத்தான் இங்கன வாரேன். அவங்க ரெண்டு பேரும் நானும் காலையிலயே இந்த டயர மாட்டியாச்சு, மூணு பேரும் சேந்து பேரும் குடுத்தாச்சு. நாலாவது ஆளா உங்களச் சேக்கலாமா வேண்டாமான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. உங்க கையில இருக்கது, பாய், உங்களுக்காக நாங்க வாங்கின சோடி.