நட்டுக்கு வைத்த பொட்டு

சிவப்பு நகப்பூச்சு காய எட்டு நிமிடம் ஆகும். பொறுமையில்லாமல் தொட்டால் இழுத்துக்கொள்ளும். என் மனைவி தினேஸ்வரி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர், உங்கள் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடிக்க வேண்டும். அதற்காகத்தான் நானாகவே வந்து இதை எழுதித் தருகிறேன். வழக்கறிஞர் வேண்டாம்.

என் பட்டறை ஜெலாப்பாங்கில் இருக்கிறது. இருவர் உட்காரும் சிறு விமானங்களைப் பாகம் பாகமாகச் செய்து விற்கிறேன். வாங்குகிறவர் பாதிக்கு மேல் தன் கையாலேயே பூட்ட வேண்டும். விட்டால் உயிர் போகும் என்கிற இடங்களை மட்டும் நான் பூட்டுவேன். கைப்பிடியை வால் இறக்கையோடு இணைக்கும் தண்டு அதில் ஒன்று. அது ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. நட்டை முடுக்கி, குறுக்கே ஒரு பின்னைச் செருகி மடக்க வேண்டும். பின் இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்வில் நட்டு கழன்றுவிடும். ஒரு விமானத்துக்கு நாற்பது பின்கள். நானே எண்ணிப் பையில் போடுவேன். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட எண்ணிக்கை தப்பியதில்லை.

நான் பூட்டியதைத் தினேஸ்வரி சரிபார்ப்பாள். விரலால் தொட்டுப் பார்த்த பிறகு, நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். நட்டு அசைந்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுக்கும். பொட்டில்லாத நட்டோடு எங்கள் விமானம் எதுவும் வெளியே போனதில்லை.

அருண்பிரகாஷ் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அவனும் என்னிடம் ஒரு விமானம் வாங்கினான். அவன் விமானம் முடிந்த சனிக்கிழமை தினேஸ்வரி கமுந்திங்கில் இருந்தாள். அவள் அக்கா மகளுக்குச் சடங்கு. மறுநாள் காலை முதல் பறப்பு என்று போனில் சொன்னேன்.

"என் கை படாம பொட்டு வைக்காதீங்க. காலையில நேரா ஓடுதளத்துக்கே வந்து பாத்துடுறேன்" என்றாள்.

அவள் நாற்பதையும் தொட்டுப் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறி, காற்று கெட்டுவிடும். அன்று மாலையே பொட்டுகளை நான் வைத்தேன். மறுநாள் காலை பார்த்துவிட்டு, நீங்களே வைத்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். எல்லாம் பார்த்துவிட்டேன் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

முதல் பறப்பில் பட்டறை ஆள் ஒருவர் உடன் உட்கார வேண்டும். நான் வைத்த விதி அது. அதை நம்பித்தான் பலர் என்னிடம் வாங்கினார்கள். அன்று என் எடை எண்பத்தெட்டு கிலோ. அருண்பிரகாஷும் பருத்தவன். எங்கள் இருவரையும் சேர்த்து அது தாங்காது. தினேஸ்வரி ஏறினாள்.

சிலிம் ரிவர் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. நடுவில் ஒரு செம்மண் ஓடுதளம். மரங்களுக்கு மேலேயே விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. அவன் இடுப்பெலும்பு முறிந்து பிழைத்தான். அவள் பிழைக்கவில்லை. வால் பகுதி எரிந்துபோனது. வேகம் இல்லாதபோது மூக்கைத் தூக்கிவிட்டான் என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் சொன்னேன். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அவன் மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு கதை சொன்னான். "ஸ்டிக்க இழுத்தேன் மச்சான், வால் கேக்கவே இல்ல. சும்மா கையோட வந்துச்சு லா."

என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அவ்வளவு துணிச்சல்.

ஒன்றரை வருடம் கழித்துக் கைத்தடியோடு பட்டறைக்கு வந்தான். மறுபடி பறக்காவிட்டால் அந்த நாளைவிட்டு வெளியே வர முடியாது என்றான். என் கையால் செய்த விமானம்தான் வேண்டும் என்றான். சரி என்றேன். எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தடவ பின்னுங்கள மட்டும் ஒரு தரம் பாத்துரு மச்சான். கோச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் கார் வாசலைத் தாண்டுவதற்குள் முடிவெடுத்துவிட்டேன்.

நான்கு மாதம் சனிக்கிழமைதோறும் வந்து பூட்டினான். எனக்கும் சேர்த்து நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வருவான். சம்பல் குறைவாக, எனக்குப் பிடித்த மாதிரி. வேலை சுத்தமாகத்தான் செய்தான். வால் தண்டை நான் பூட்டினேன். நட்டை விரலால் மட்டும் முடுக்கினேன். பின் செருகவில்லை. தினேஸ்வரியின் புட்டியிலிருந்து ஒரு பொட்டை, துளை மறையும்படி வைத்தேன். காயும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

பறக்கும் நாளன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அவன் சிரமப்பட்டுக் குனிந்து அந்தப் பொட்டைத் தொட்டான். "தங்கச்சி வச்ச மாதிரியே இருக்கு" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏறச் சொன்னான். எடை தாங்காது என்றேன்.

"எடையா? பாதி ஆளா எளைச்சுப் போயிட்ட. நீயும் ஒன் எடையும் லா."

இப்போது எனக்கு அறுபத்திரண்டு கிலோ. அவன் வற்புறுத்தவில்லை. ஒருவேளை என்னால் அதில் உட்கார முடியாது என்று நினைத்திருப்பான். தனியாகப் போனான். விழ எட்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் இருக்கிறது. பூட்டியவர் என்ற இடத்தில் அவன் பெயர்தான் உள்ளது. அதைக் காட்டி நான் தப்பித்துப் போயிருக்கலாம். போகவில்லை. கொலை என்று எழுதுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று எழுதினால் போட மாட்டேன். நான் நினைக்காமல் என் பட்டறையிலிருந்து ஒரு பின் குறைந்து போகாது.

என் மேசை இழுப்பறையில் இரண்டு பின்கள் கிடைத்ததாகச் சொன்னீர்கள். ஒன்று இந்த விமானத்துடையது. மற்றது, தினேஸ்வரியை எரித்துவிட்டு வந்த மறுநாள், அவள் ஏறிய விமானத்துக்கு எண்ணிப் போட்ட பழைய பையின் அடியில் கிடந்தது.

அந்தப் பையில் நாற்பத்தொன்று போட்டிருப்பேன்.