லோடு வேனில் ஏறிய தத்துவம்

பாராட்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சங்கரலிங்கம் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே, பகலெல்லாம் திரி நறுக்கிய கையோடு கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமலும் நகராமல் நிற்கும் நண்பர்களே! பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும் இந்தச் செல்வக்குமாரின் வணக்கம்.

தத்துவஞானி என்றால் யார்? தாடி வளர்த்தவரா? தனிமையில் தவம் கிடப்பவரா? இல்லை ஐயா, இல்லவே இல்லை. ரோமாபுரியை ஆண்ட பேரரசன் ஒருவன் போர்ப் பாசறையில் அமர்ந்து தத்துவம் எழுதினான். சீனத்து ஞானி ஒருவர் அரசு அதிகாரியாக ஊர் வழக்குகளைத் தீர்த்தார். நம் ஊரில்? நம் ஊரில் ஒருவர் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டினார்! அவர்தான் நம் ஊராட்சித் தலைவி பாண்டிச்செல்வி.

தலையைக் குனியாதீக அக்கா, இன்னும் கதையே ஆரம்பிக்கலே.

பெட்டி ஒட்டிக்கொண்டே அஞ்சல் வழியில் தத்துவம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கினார். அதைப் படித்து எந்த ஆபீசில் உட்காரப் போகிறாய் என்று உறவெல்லாம் சிரித்தது. அவர் எங்கேயும் உட்காரவில்லை. தேர்தலில் நின்றார், வென்றார்!

வென்றதும் கையில் எடுத்தது ரோடு. நம் ஆலைகளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடையைச் சுற்றித்தான் அப்போது பாதை. விபத்தென்றால் காயம்பட்டவரை லோடு வேனில் படுக்க வைத்து அந்த வழியேதான் கொண்டுபோவோம். குறுக்கே போக வேண்டுமென்றால் ரத்தினசாமி முதலாளியின் புளியந்தோப்பைக் கடக்க வேண்டும். தலைவி சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்டார். நிலத்தைத் தானமாக எழுதி வாங்கி வாருங்கள், ரோடு போட்டுத் தருகிறோம் என்றார்கள். முதலாளியோ மறுத்துவிட்டார். தினமும் காரில் போகிறேன், பதினைந்தே நிமிடம், இருக்கிற பாதை போதும் என்றார்.

நாமாக இருந்தால் மறியல் செய்திருப்போம். தத்துவம் படித்தவர் என்ன செய்தார்? கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, உக்காந்து போறது உங்களுக்குத் தெரியும். படுத்துப் போனா எப்படி இருக்கும்னு தெரியுமா?"

தெரியாது என்றார் முதலாளி.

"எனக்கும் தெரியாது. போய்த்தான் பாப்பமே."

மனிதர் சம்மதித்தார்! அங்கன பாருங்க, முதலாளியே சிரிக்காக. இதைச் சொல்ல அனுமதி தந்ததும் அவுகதான்.

மறுநாள் காலை லோடு வேனில் பாயை விரித்து, காயம்பட்டவரைப் போல முதலாளி மல்லாக்கப் படுத்தார். எதையும் பிடிக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்று பேச்சு. பக்கத்தில் தலைவி, கையில் கடிகாரம். முதல் பள்ளத்தில் மூக்குக்கண்ணாடி பறந்தது. அடுத்த பள்ளத்தில் முதலாளியே பறந்தார்! ஓடை வளைவில், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகும் பக்தர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கை திருநீறு பூசினார்கள். ஓர் அம்மா அவர் நெஞ்சில் வேப்பிலையை வைத்து அழவே தொடங்கிவிட்டார். மறுத்துப் பேசவும் முடியாமல் முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

பள்ளங்களில் ஊர்ந்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று தலைவி சொல்லவில்லை. இறங்கிய முதலாளிதான் கேட்டார்.

"ஏம்மா, நெசமாவே உடம்பு வெந்தவன் இதுல எப்படிம்மா வருவான்?"

அந்த வாரமே பத்திரம் பதிவானது. வாதத்தால் வெல்லவில்லை, வசையால் வெல்லவில்லை, ஒருவரை உண்மையின் பக்கத்தில் படுக்க வைத்து வென்றார்! தோப்பின் நடுவே தார்ச்சாலை வந்தது.

தாய்மார்களே, போன மாதம் சீசன் வேலை உச்சத்தில் இருந்தபோது ஆலையில் தீப்பிடித்ததை நீங்கள் அறிவீர்கள். பெத்தணன் அண்ணனுக்கு முதுகெல்லாம் வெந்துபோனது. அதே ஆஸ்பத்திரிக்குப் புது ரோட்டில் பன்னிரண்டே நிமிடம். நேரத்தோடு கொண்டு வந்ததால் பிழைத்தார் என்றார் மருத்துவர். இன்று காலைதான் அண்ணன் வீடு திரும்பினார். அதோ, மூன்றாம் வரிசையில், மனைவி முருகம்மாள் பக்கத்தில் இருக்கிறார்.

எந்திரிக்க வேண்டாம்ணே, இருங்க. அட, எந்திரிச்சுட்டாரே! அப்படியென்றால் நாம் உட்கார்ந்திருப்பது முறையா? எல்லோரும் எழுந்திருங்கள், முதலாளி நீங்களும்!

நின்று கேட்ட உங்களுக்கு நின்றபடியே என் நன்றி. வணக்கம்.