தேநீர் ஆறுவதற்குள் ஒரு பவர் பத்திரம்

ஒரு கெண்டித் தேநீரும் ஒரு தட்டு ஸ்கோன் ரொட்டியும்தான் செலவு. அதில் உயிரோடிருக்கும் ஒரு பெண்மணியையும், தேவாலயக் கோபுரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மர வரிசையையும் ஒரே பிற்பகலில் காணாமல் போக்கியவன் நான். வக்கீல் ஒருவரின் நிழல்கூட வாசலில் விழவில்லை. முடிவில் அந்தப் பெண்மணி எனக்கு நன்றியும் சொன்னாள்.

எங்கள் லீக்ஸ் வளர்ப்போர் சங்கத்தில், பீர் உள்ளே போய்விட்டால் நான் சொல்லும் எதையும் நம்பிவிடுவார்கள். கத்பர்ட் டாட்ஸ் மட்டும் இதை நம்பமாட்டேன் என்கிறான். அதோ, ஜன்னலோரம் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். பவர் பத்திரங்களைக் கண்காணிக்கும் காப்பாளர் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த நீங்கள் அவனையும் வரச் சொன்னது நல்லதாயிற்று, அம்மணி. பால் விடட்டுமா? புகார் எழுதியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. அப்படிக் கேட்பது மரியாதையில்லை.

ஆட்ரி என் அக்கா. பக்கத்து வீடு. பிள்ளைகள் இல்லை. அவள் கணவர் எர்னி குடிவந்த புதிதில் வேலியோரமாக நட்ட சைப்ரஸ் மரங்கள், அவர் போன பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தன. தினமும் காலையில் அக்கா அவற்றுக்கு குட்மார்னிங் சொல்வாள். நண்பகலானால் அவற்றின் நிழல் என் லீக்ஸ் பாத்தியில் வந்து படுத்துக்கொள்ளும். எங்கள் நார்தம்பர்லேண்டில் ஒரு ஆண்பிள்ளையின் மானம் அவன் வளர்க்கும் லீக்ஸின், அந்த வெள்ளை வெங்காயத் தண்டின், பருமனில் இருக்கிறது. என்னுடையவை பென்சில் மாதிரி வந்தன. ஒரு வருஷம் போட்டிக்கு வந்த நடுவர் அதில் ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

"கொஞ்சம் வெட்டலாமே, அக்கா."

"எர்னியக் கேட்டுச் சொல்றேன்டா."

"அவர் செத்துட்டாரே."

"அதான் பதில் வர லேட்டாகுது."

இப்படி வருஷக்கணக்காக. நான் கோபப்பட்டதே இல்லை.

பிறகு ஒருநாள் அவள் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். அடி கருகிவிட்டது. நானும் அப்படிக் கருக்கியிருக்கிறேன், ஆனால் என் கெட்டிலைப் பார்க்கத் தம்பி யாரும் பக்கத்து வீட்டில் இல்லையே. பவர் பத்திரம் பற்றிய யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது. புத்தி தடுமாறிப் போனாலும் செல்லுபடியாகும் வகை அது. வீடு வாசலுக்கு ஒன்று, உடம்பைக் கவனிப்பதற்கு ஒன்று.

"நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, முன்னபின்ன தெரியாதவன்லாம் முடிவு பண்ணுவான், அக்கா."

"எனக்கு என்னடா ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆகாதப்பவே எழுதிடணும்."

"வக்கீலப் பாப்போமா?"

"வக்கீலுக்கு அழுவுற காசுல நீ ஸ்பெயினுக்குப் போய் வெயில்ல காயலாம்."

அவள் சிரித்தாள். வெயில் என்றால் அவளுக்கும் ஆசைதான்.

சட்டத்தில் நான் ஒரு மயிரிழைகூடத் தவறவில்லை. முதலில் அவள் கையெழுத்து, அடுத்து சான்று தருபவர், கடைசியில் நான். சான்று தருபவர் குடும்பத்தாராக இருக்கக் கூடாது, அவளை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கத்பர்ட் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளைத் தெரிந்தவன். ஒரு பிற்பகல் அவனை அக்கா வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்துப் போனேன். அவன் அவளைத் தனியாக வைத்து, இது என்னவென்று புரிகிறதா, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் நான் எழுந்து தோட்டத்துக்குப் போனேன். அங்கே நிழல் எதுவரை வந்திருக்கிறது என்று காலடி வைத்து அளந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது இருவர் கையெழுத்தும் காய்ந்திருந்தது.

வக்கீலாக இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கேள்வியாகக் கேட்டுத் தள்ளியிருப்பார். எங்கள் ஊரில் ஒரு விதவையிடம் போய், "உன் வீட்டைப் பத்தி உனக்குப் புரியுதா?" என்று கேட்பது, அவளை முட்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். விருந்தாளி ஸ்கோன் தின்றுகொண்டிருக்கும்போது கையெழுத்துப் போட மாட்டேன் என்பது அதைவிட மோசம். கத்பர்ட் நல்ல மரியாதை தெரிந்தவன். அக்கா அவனைவிட. இது இரண்டும் எனக்குத் தெரியும்.

குளிர்காலத்தில் அவள் படியில் வழுக்கி இடுப்பை நோகடித்துக்கொண்டாள். ஓய்வுக்காகச் சில நாள் என்று சொல்லி முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். உடம்புக்கான பத்திரம், அவளால் இனி முடிவெடுக்க முடியாது என்று ஆன பிறகுதான் வேலை செய்யும். அதைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள், நல்ல பெண், பாவம், ஏகப்பட்ட வேலை. "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்றாள். அக்கா அவளுடைய களைத்த முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எது சௌகரியமோ அதுவே இருக்கட்டும், கண்ணு," என்றாள். பிரதமர் யார் என்றதற்கு, "அவங்களப் பத்தி நான் எதுவும் தப்பாப் பேச விரும்பல," என்றாள். அந்தப் பெண் வருத்தத்தோடு எழுதிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா இப்படித்தான், இது மறதியில்லை, வளர்ப்பு என்று சொல்லியிருக்கலாம். குறுக்கே பேசுவது அநாகரிகம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ரம்பம் வந்தது. கடைசி மரம் சாய்ந்தபோது விழுந்த வெயிலில், சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்காட்லாந்தில் பனி உருகியது. பிறகு வீட்டையும் விற்றேன். இல்லத்துக்குக் கட்ட வேண்டாமா? எல்லாம் அவள் நலனுக்காக. அந்தச் செப்டம்பரில் என் லீக்ஸைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு பேர் தள்ளினார்கள். நடுவருக்கு நாற்காலி போட வேண்டியதாயிற்று. பரிசுக் கோப்பை அலமாரி மேல் இருக்கிறது, பாருங்கள்.

ஞாயிறுதோறும் அவளுக்கு லீக்ஸ் சூப் கொண்டுபோகிறேன். அவள் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம்.

"எர்னி மரமெல்லாம் எப்படிடா இருக்கு?"

"வானத்தத் தொடுது, அக்கா."

"நான் எப்ப வீட்டுக்கு?"

"இடுப்பு சரியாகட்டும்."

"உனக்குத்தான் எவ்வளவு தொந்தரவு. ரொம்ப நன்றி, வில்ஃப்."

போன ஞாயிறு சூப் நன்றாக இருப்பதாகச் சொல்லி இரண்டாம் கிண்ணம் வாங்கிக்கொண்டாள். சொந்தத் தம்பி தவிர யார் இவ்வளவு செய்வார்கள்?

இவ்வளவுதான், அம்மணி. இதைத்தான் நான் சங்கத்தில் சொன்னால், கத்பர்ட், "புளுகாதடா. அவ இஷ்டப்பட்டுதான் எழுதிக் கொடுத்தா. நான் பக்கத்துல இருந்தேன்ல?" என்று கத்துவான். அவனிடமே கேளுங்கள்.

கேட்டுவிட்டீர்கள். பாருங்கள், தொப்பியை எப்படிக் கசக்குகிறான்.

"நான் அவகிட்ட ஒண்ணுமே கேக்கலம்மா," என்கிறான் கத்பர்ட். "கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. பீன்ஸ் எப்படி வந்திருக்குன்னு கேட்டேன். அவதான் என்னைக் கேட்டா. 'வேணாம்னு சொன்னா வில்ஃப் கோவிச்சுக்குவானா, கத்பர்ட்?'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்கிறீர்கள்.

"டீ ஆறுது, ஆட்ரின்னேன்."

தொப்பியைத் தலையில் வைக்கிறான். மறுபடி எடுக்கிறான்.

"அவ என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு, பேனாவ எடுத்துட்டா. இவன் புளுகுறான்னே சொல்லிட்டுத் திரிஞ்சேன். புளுகலம்மா. இவன் சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு."