கடலுக்குள் இறக்கிய மைக்

மலேசியாவின் சி ரூசா கடற்கரையிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் ஓர் அக்காவும், அவள் தோட்டத்திலிருந்து வேலைக்காக வெளியே போய்விட்ட ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கடலுக்குள்ள மைக் எறக்கி, மீன் சத்தம், கப்பல் சத்தம் எல்லாம் டேப்புல புடிக்கிறோம்க்கா,” என்றார் அவர். “அந்த நேரத்துல படகு இன்ஜினை அடைச்சிருவோம். யாரும் வாயைத் தொறக்கக்கூடாது.”

“பேசாம எப்படி இருக்கே?”

“எங்க இருந்தேன்? நேத்து டேப்பைக் கேட்ட இன்ஜினியர், ‘யாரு இது பேசறது?’ன்னு கேட்டாரு. பார்த்தா என் குரல். போய்ச் சேர்ந்த சம்சாரத்துகிட்ட பேசியிருக்கேன். எனக்கே தெரியல லா.”

அக்கா ஜன்னலுக்கு வெளியே ஓடிய ரப்பர் மரங்களைப் பார்த்தாள்.

“மரம் வெட்டுறப்போ நானும் செத்துப்போன என் வீட்டு மனுசன்கிட்ட தினமும் சண்டை போடுறேன் தம்பி. நல்லவேளை, பால்மரத்துல யாரும் மைக் கட்டல.”