ஆறிலிருந்து ஏழு வரை

— அதான் சொல்றேன்ல மேவிஸ், டெல்லா ஓடப் போயிருக்கா. வந்துடுவா. வாசல்லயே ஏன் நிக்கறீங்க, ஏப்ரல்லயும் பனி கொட்டுது. உள்ள வாங்க.

— ஓடவா போயிருக்கா?

— காலைல ஆறு மணிக்கு அவ வேற எங்க போவா, சர்ச்சுக்கா? ஏரி ரோடு வரைக்கும் போய்த் திரும்புவா. பத்து மைல். கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிட்டா.

— ஹார்லன்...

— தெரியும், தெரியும். ஆறிலேருந்து ஏழு வரைக்கும் வீட்டுல இருப்பேன்னு எழுதிக் குடுத்தது அவதான். நீங்க கதவைத் தட்டினா இருக்கணும், இருந்து ஊக்கமருந்து சோதனைக்கு உங்க குப்பியில பெய்ஞ்சு குடுக்கணும். வருஷத்துல மூணு தடவை ஆள் இல்லன்னா ரெண்டு வருஷம் ஓடக் கூடாது. பதினோரு வருஷமா இதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன். ஏழு அடிக்கட்டும். அதுக்குள்ள வரலன்னா அப்பறம் பேசுங்க.

— சரிதான். உக்காரட்டுமா?

— என்ன கேள்வி இது? உக்காருங்க. அந்த ஷூவெல்லாம் கீழ தள்ளுங்க. இந்த வீட்டுல நாற்காலி எல்லாமே ஷூவுக்குத்தான். காபி? ஓ, மறந்துட்டேன், நீங்க எங்க வீட்டுத் தண்ணி கூடத் தொட மாட்டீங்க. விதி.

— குடு. பால் வேணாம்.

— நெஜமாவா? டெல்லா இருந்தா... டெல்லா பார்த்தா மயக்கம் போட்டு விழுவா. மூத்திரப் போலீஸ் காபி குடிக்குது!

— இன்னும் அந்தப் பேர்தானா?

— உங்க காரோட வெளிச்சம் ஜன்னல்ல விழுந்ததும் அவ சொல்றதே அதான். 'ஹார்லன், மூத்திரப் போலீஸ் வந்தாச்சு, என் செல்லம் வந்தாச்சு'ன்னு. கட்டின புருஷன் எனக்கு ஒரு நாள் கூட செல்லம்னு பேர் வச்சதில்ல, தெரியுமா?

— ரெண்டு மணி நேரம் கக்கூஸ்ல நின்னு அவளைப் பார்த்துக்கிட்டு இருந்தவ நான். எனக்கு வைக்காம?

— ஆமா. என்னைவிட அதிகமா அவளைப் பார்த்தது நீங்கதான்.

— நீ சைக்கிள்ல பின்னாலயே போவியே, தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு. இன்னிக்குப் போகல?

— செயின் அறுந்து கிடக்கு. மாத்தணும். மாத்தணும் மாத்தணும்னு இருக்கேன்... காபி கசக்குதா?

— நல்லாத்தான் இருக்கு. நீ சாப்பிட்டியா?

— இப்ப எதுக்கு என் சாப்பாடு? ஸ்கூல் பஸ் ஓட்டறவன் வயிறு எப்பவும் ரொம்பித்தான் இருக்கும். பிள்ளைங்க மிச்சம் வைக்கறதே போதும்.

— எளைச்சிருக்க.

— பனிக்காலம்ல. எல்லாரும் எளைப்பாங்க.

— பனிக்காலத்துல எளைச்சவனை நான் பார்த்ததில்ல, பாரு.

— மணி ஆறு இருபது. இன்னும் நேரம் இருக்கு. மேவிஸ், ஒண்ணு கேக்கறேன். போன நவம்பர்ல நடந்ததுக்கு நீங்க ஒரு தடவை கூட வருத்தம்னு சொல்லல.

— எதுக்கு?

— எதுக்கா? அவங்க அம்மா நெப்ராஸ்காவுல ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. இவ கையில கிடைச்சதை அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடறா. அம்மா சாகற நேரத்துல எவ போனைத் திறந்து, 'நான் இன்னிக்கு இந்த விலாசத்துல இல்ல, அந்த விலாசத்துல இருக்கேன்'னு கட்டம் நிரப்புவா? நீங்க இங்க வந்து ஒரு மணி நேரம் நின்னீங்க, ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க. ரெண்டாவது தடவை.

— எழுதினேன்.

— எழுதாம இருந்திருக்கலாம்.

— எழுதாம இருந்திருந்தா, டெல்லாதான் முதல்ல என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பா.

— ...அது சரி. அவ கோபப்படவே இல்ல. 'மேவிஸ் வந்தா, நான் இல்ல, அவ்வளவுதான்'னா. எனக்குத்தான் ஆறல.

— எனக்கும் ஆறல. போதுமா?

— இதை அப்பவே சொல்லியிருக்கலாம்.

— அப்ப நான் வேலையில இருந்தேன்.

— அங்க உள்ள என்னதான் பேசுவீங்க? கதவுக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருப்பேன். சிரிப்பு கேக்கும். சில நாள் ஒண்ணுமே கேக்காது. அவளுக்கு வராது, தண்ணி குடிச்சிக்கிட்டே இருப்பா, நீங்க நின்னுக்கிட்டே இருப்பீங்க.

— என் முட்டி வலியைப் பத்தி. அவங்க ஊர் சோளக் காட்டைப் பத்தி. பதினாலு வயசுல அண்ணன் ஷூவுல பேப்பரை அடைச்சுக்கிட்டு ஓடினாளே, அதைப் பத்தி. அவங்கப்பா வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு மைல் கணக்கு சொல்லுவாராம், இவ பின்னால புழுதியைக் குடிச்சிக்கிட்டே வருவாளாம்.

— அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்குத் தெரியாதது ஏதாவது?

— எதுக்கு?

— சும்மா. காபிக்குக் கூலி.

— நாலாவதா வந்தது உனக்குத் தெரியும்.

— ஊருக்கே தெரியும். ஒலிம்பிக் தேர்வு மாரத்தான்ல முதல் மூணு பேர்தான் போவாங்க, இவ நாலாவது. ரெண்டே செகண்டு. அதுக்கப்பறம் கடையில வரிசைல நாலாவதா நின்னா, பின்னால இருக்கறவங்களை முன்னால விட்டுட்டு அஞ்சாவதாப் போய் நிப்பா. கடைக்காரன் கேட்டா, 'அந்த இடம் எனக்கு ஒத்துக்காது'ம்பா. பந்தயத்துக் கடைசியில தொடை பிடிச்சிக்கிச்சு, அதான் போச்சு.

— தொடை பிடிக்கல.

— என்ன?

— முன்னால போனவ கடைசி இருநூறு மீட்டர் சத்தமா அழுதுக்கிட்டே ஓடினாளாம். சின்னப் பொண்ணு. அந்த அழுகையைக் கேக்கக் கேக்க, இவ கால் தானா மெதுவாயிடுச்சாம். 'விட்டுக் குடுத்தேன்னு சொல்ல மாட்டேன் மேவிஸ், கால் மெதுவாயிடுச்சு, நான் அதைத் திட்டல'ன்னா. நாலு வருஷம் கழிச்சுத்தான் என்கிட்டயே சொன்னா. அதுவரைக்கும் எனக்கும் தொடைதான்.

— ...என்கிட்ட சொல்லல.

— நீ அந்த ரெண்டு செகண்டுக்காக அவளைவிட அழுதவன். உன்கிட்ட எப்படிச் சொல்லுவா?

— நான் அந்தத் தொடைக்கு ஒரு வருஷம் தைலம் தேச்சேன் மேவிஸ்.

— அதையும் சொன்னா. 'நல்லா இருந்தது, அதனால நிறுத்தச் சொல்லல'ன்னா.

— கழுதை.

— சரிதான்.

— எவ்வளவு பெரிய கழுதை, பாருங்க... இருங்க, மூக்கைத் துடைச்சுட்டு வரேன்.

— மெதுவா வா.

— மணி என்ன?

— பார்க்கல.

— நீங்க பார்க்கலையா? ஆறு அம்பத்தஞ்சு. ம், போன் பண்ணுங்க.

— வேணாம்.

— கடைசி அஞ்சு நிமிஷம். நீங்க அவ நம்பருக்குப் போடணும். எப்பவும் அதானே வழக்கம்.

— வேணாம் ஹார்லன்.

— பண்ணுங்க மேவிஸ். போன் எங்கயும் போகல, என் சட்டைப்பையிலதான் இருக்கு. சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். பதினாறு நாளா அதுல யாரும் அவளைக் கூப்பிடல.

— உக்காரு.

— ஏரி ரோட்டுல ஒரு லாரி வழுக்கிடுச்சு. விடிஞ்சும் விடியாத நேரம். செயின் அறுந்திருந்தது, நான் அன்னிக்குப் போகல. படுத்துக் கிடந்தேன். 'நீ தூங்கு'ன்னா, நான் தூங்கினேன்.

— உக்காரு, பா.

— நெப்ராஸ்காவுல அவங்க அம்மா பக்கத்துலதான் வச்சோம். அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு, மாடியில உக்காந்து அவ போனைத் திறந்தேன். எந்த நாள் எங்க இருப்பான்னு நிரப்பற புதுக் கட்டம் காலியா இருந்தது, ஏப்ரல், மே, ஜூன். நான் நிரப்பினேன். எல்லா நாளும். காலை ஆறிலேருந்து ஏழு, வீடு. ஜூன்ல ஒரு பந்தயம் கூடப் போட்டேன். எங்க தூங்குவா, எங்க ஓடுவா, எல்லாம்.

— எதுக்குப்பா?

— நிரப்பலன்னா நீங்க வர மாட்டீங்க. வேற யாரும் அவளைத் தேடிக்கிட்டு இந்தக் கதவைத் தட்டப் போறதில்ல. எனக்கு ஆறுதல் சொல்ல வராங்க, கேக் கொண்டு வராங்க, என்னைப் பார்த்துட்டுப் போறாங்க. அவ எங்கன்னு கேக்கறவங்க நீங்க ஒருத்தர்தான். இந்த ஒரு மணி நேரம் அவ செத்துப் போகல மேவிஸ். லேட்டு. அவ்வளவுதான். நாம ரெண்டு பேரும் அவளுக்காக உக்காந்திருந்தோம்ல?

— உக்காந்திருந்தோம்.

— இப்பத்தான் புத்தியில ஏறுது, நான் பண்ணின முட்டாள்தனம். ஏழு அடிக்கப் போகுது. இது மூணாவது. நீங்க எழுதினா அவ பேருக்கு நேரா தடைன்னு விழும். அவ வாழ்நாள்ல ஒரு தலைவலி மாத்திரையைக் கூட அட்டையைப் படிச்சுப் பார்க்காம முழுங்கினதில்ல. என்னால அந்தப் பேர் கெடக் கூடாது. அவ செத்துட்டான்னு எழுதுங்க. இல்ல, நான்தான் பொய்யா நிரப்பினேன்னு எழுதுங்க. ஆள் இல்லன்னு மட்டும் எழுதாதீங்க.

— நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல.

— அதெப்படி? விதியை மீற மாட்டீங்களே நீங்க. அம்மா செத்தப்பவே எழுதினவங்க. அனுப்பினவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?

— யாரும் அனுப்பல ஹார்லன். அவ செத்த சேதியைப் பேப்பர்ல பார்த்து ஆபீசுக்குச் சொன்னதே நான்தான், போன செவ்வாய்க்கிழமை பட்டியல்லேருந்து அவ பேரை எடுத்துட்டாங்க. ஆறு மணிக்குத் தவிர வேற எந்த நேரத்துல இந்த வீட்டுக் கதவைத் தட்டறதுன்னு எனக்குத் தெரியல.