கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

எனக்குக் கெட்ட வார்த்தை வராது, மேடம். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட "பாத்து நில்லுங்க" என்பதோடு சரி. கல்யாணமான புதிதில் என் மனைவி தேவிப்ரியா இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதையே குறையாகச் சொல்கிறாள். மலையடி டி.வி. முதலாளி முகம்மது கவுஸ் பாய் பீப் போடும் வேலையை என் கையில் கொடுத்ததற்கும் இந்தக் குணம்தான் காரணம்.

கூழ்க்கடை ஜெயம்மாள் இறந்துபோன விஷயத்தில் உங்கள் விசாரணை முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். எங்கள் சேனலில் நிகழ்ச்சி நடத்திய சுபாஷை விட்டுவிட்டீர்கள். 'எடிட்டர் சிவசங்கரின் கவனக்குறைவால் பீப் தவறான இடத்தில் விழுந்தது' என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்களாம். என் வக்கீலுக்கு ஒரே சந்தோஷம், இனி பயமில்லை என்கிறார். நான் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். மற்றபடி இன்ஸ்பெக்டர் விஜயலட்சுமி என்றால் நியாயமானவர் என்று கள்ளக்குறிச்சி முழுக்கப் பெயர் இருக்கிறது. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எங்கள் கேபிள் சேனல் தொடங்கியபோது எட்டு மணிச் செய்தி வாசித்தவன் நான். கோமுகி அணையின் நீர்மட்டம், மார்க்கெட் கமிட்டியில் மக்காச்சோளம் என்ன விலைக்குப் போனது, நாளைக்கு எந்தத் தெருவில் கரண்டு இருக்காது, இவ்வளவுதான் செய்தி. ழகரம் பிசகாமல் வாசிப்பேன். என் வாசிப்பால் யார் மனமும் புண்பட்டதில்லை. யாரும் பார்க்கவும் இல்லை என்று கவுஸ் பாய் பிற்பாடு சொன்னார். அவர் வியாபாரி, அவர் கணக்கு அப்படி.

அப்புறம் சுபாஷ் வந்தான். சின்னசேலத்துக்காரன். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, மைக்கை எதிராளியின் மூக்குக்குக் கீழே நீட்டி, "யோவ், தெருவுல லைட்டு எரியல, இன்னா பண்ணிக்கினு இருக்கற நீ?" என்று கேட்பான். அதிகாரி, கவுன்சிலர், கடைக்காரர் என்று பார்க்க மாட்டான். எட்டு மணியானால் ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்தது. என் செய்தி சாயங்காலம் ஐந்தரைக்குப் போனது. அந்த நேரத்தில் இங்கே பால் கறக்கிறவர்களைத் தவிர யாரும் வீட்டில் இருப்பதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. இதைப் பல பேரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன்.

நியாயமாகப் பேச வேண்டும். அவன் கேட்ட பிறகுதான் துருகம் சாலையில் விளக்கு எரிந்தது. ஆனால் ஏரி மண் அள்ளியவர் என்று ஒருநாள் நேரலையில் வடக்கனந்தல் ஆதிமூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டான். அவர் கரும்பு போடும் பெரிய விவசாயி. அள்ளியது வேறு யாரோ. அதற்குள் அவர் மகளுக்குப் பேசி வைத்திருந்த நிச்சயதார்த்தம் நின்றுவிட்டது. மறுநாள் சுபாஷ் கேமரா முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அதையும் ஊர் ரசித்துப் பார்த்தது. அந்த வாரம் விளம்பரம் கூடுதலாக வந்தது.

ஆதிமூலம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கவுஸ் பாயின் எலெக்ட்ரிக்கல் கடைக்கு வந்தார். மாடியில்தான் எங்கள் ஸ்டுடியோ. நானும் கீழே இறங்கி வந்து நின்றேன்.

"பாய், அவன் வாய்க்கு ஒரு அளவு வேணாமா? நீங்க குடுக்குற எடந்தான இதெல்லாம்? எம் பொண்ணு வூட்ட வுட்டு வெளிய வர மாட்டன்றா."

கவுஸ் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "குந்துங்க, ஆதிமூலம். ஒங்களுக்கு நடந்தது அநியாயம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் வாயக் கட்டிட்டா அப்புறம் இன்னாத்தக் கேப்பான்? ஜாஸ்தி வுட்டா ஒங்களுக்குக் கஷ்டம், கம்மி பண்ணா ஊருக்குக் கஷ்டம். நடுவுல நான் முழிச்சிக்கினு இருக்கறேன்."

என்னிடமும் கேட்டார்கள். பேசுகிறவனுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பது மாட்டுக் கயிறு மாதிரி, அடுத்தவர் கொல்லையில் வாய் வைக்காத நீளம் போதும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆதிமூலம், "படிச்சவன் படிச்சவந்தான்" என்றார்.

அன்று ஒரு முடிவு எடுத்தோம். இனி நேரலை கிடையாது. பகலில் பதிவு செய்து, என் கைக்கு வந்து, வேண்டாததற்கெல்லாம் நான் பீப் போட்ட பிறகுதான் எட்டு மணிக்குப் போகும். அவர்கள் போன பின்பு கவுஸ் பாய் என் தோளில் கை வைத்தார். "இன்னொரு தபா தப்பு நடந்துச்சுன்னா அவன நிறுத்திட்டு எட்டு மணிய ஒனக்கே குடுத்துடறேன், சிவா." அவர் பேச்சு மாறாதவர்.

பீப் போடுவது சுலபம் என்று நினைக்கிறார்கள். சொல்லுக்கு ஒரு எழுத்து முன்னால் விழுந்தாலும் அசிங்கம், ஒரு எழுத்து பின்னால் நின்றாலும் அசிங்கம். என்னுடையது சரியாக உட்காரும். இந்த வேலையில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு தடவை சுபாஷ் லாரி புரோக்கர் ஒருவரைக் கழுதை என்று திட்டினான். அதை மறைத்தேன். மறுநாள் டீக்கடையில் அது என்ன வார்த்தை என்று சண்டை போட்டார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாமே புரோக்கரின் அம்மாவைப் பற்றியவை. கழுதையை எடுத்தது நான்தான். காலியான இடத்தில் ஊர் தன்னிடம் இருந்ததிலேயே மோசமான சொல்லைக் கொண்டுவந்து வைத்தது.

இதற்கிடையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. சுபாஷ் திருந்திவிட்டான். நாலு பேரிடம் விசாரிக்காமல் யார் பெயரையும் சொல்வதில்லை. 'யோவ்' போய் 'நீங்க' வந்தது. ஆதிமூலத்தின் வீட்டுக்கே போய், மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேசி, நின்ற நிச்சயதார்த்தத்தை நடத்தி வைத்தான். ஆதிமூலம் முதல் பத்திரிகையை அவனுக்குத்தான் வைத்தார். எனக்கு பீப் போட ஒன்றும் வரவில்லை. பாய் அவனுக்கு நீளமாகக் கயிறு விட்டதுதான் சரி என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒருவனுக்குக் கொடுத்த இடம் அதிகம் என்று நமக்குத் தெரிகிறது. அவனோ தப்பே செய்ய மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். ஊருக்கு அதை எப்படிப் புரியவைப்பது? தப்பு அவனுக்குள் இருக்கத்தான் செய்தது, மேடம். வெளியே வரத் தாமதமானது.

வெயில் காலத்தில் கூழ்க்கடைகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தான். சாதுவான நிகழ்ச்சி. துருகம் சாலையில் ஜெயம்மாளின் தள்ளுவண்டி. நானே அங்கே குடித்திருக்கிறேன், நல்ல கூழ், மோர் மிளகாயும் தாராளமாக வைப்பாள். சுபாஷ் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாக்கா, வேற எங்கயும் இந்த ருசி இல்லையே, இதுல இன்னா போடற?" என்று கேட்கிறான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. மலையிலேர்ந்து சடையண்ணன் எடுத்தாந்து குடுக்குற சாமைதான். அதக் கொஞ்சம் கலந்தா போதும், குடிச்சவங்க வேற கடைக்குப் போவ மாட்டாங்க."

சடையன் வெள்ளிமலைப் பக்கம் சாமை விதைக்கிறவர். வாரம் ஒருமுறை பஸ்ஸில் மூட்டையோடு இறங்குவார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் சடையன் என்ற பெயருக்கு பீப் போட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை. பிறகு சாமைக்குப் போட்டேன். மலையிலிருந்து எடுத்து வந்து கொடுக்கிற, பீப், அதைக் கொஞ்சம் கலந்தால் போதும். அதற்கு முன்னால் அவள் சிரிப்பு. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மலையிலிருந்து இறங்குகிற, பெயர் சொல்லக் கூடாத பொருள் எது என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாராயத்தால் இந்த வட்டாரம் தூக்கிய பிணங்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

எட்டு மணிக்கு வீட்டில்தான் பார்த்தேன். தேவிப்ரியா தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டாள். "இன்னாங்க இது, கூழுல அதையா கலக்கறா? பாவி. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கல்லாம் குடிக்குதேங்க." நான் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் சுபாஷ் போன் செய்தான். "அண்ணே, சாமைக்கு எதுக்குண்ணே பீப்பு? ஊரே அத போன்ல அனுப்பிக்கினு இருக்குது. அந்தக்கா பாவம்ண்ணே."

"தவறுதலா விழுந்துருக்கும். நாளைக்குத் திருத்திடலாம்" என்றேன்.

"நாளைக்கு வேணாம்ண்ணே. இப்பவே கீழ ஓடுற எழுத்துல போட்டுடுங்க. சாமைன்னு ஒரு வார்த்த போதும்."

அந்த எழுத்தில் அன்று யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துக்கு வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. மாமன் சீர் கொண்டுவருகிறவர் கொடுத்த விளம்பரம். பாதியில் நிறுத்துவது முறையில்லை என்று சுபாஷுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் தன் போனிலேயே பேசிப் படம் பிடித்து, அது வெறும் சாமைதான் என்று வெளியிட்டான். காசு வாங்கிக்கொண்டு மழுப்புகிறான் என்றுதான் ஊர் சொன்னது. பல காலமாக அவன் சொன்னதையெல்லாம் நம்பியவர்கள், அன்று ஒருநாள் நம்பவில்லை.

காலையில் துருகம் சாலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முன்னால் நின்றவள் சின்னப்பொண்ணு. புருஷனைச் சாராயத்துக்குக் கொடுத்தவள். "எம் புள்ள தெனம் ஒங்கிட்டதானடி குடிக்கறான். அப்பன வாரிக்கினு போனது பத்தாதா?" என்று கேட்டாள். அவள் அழுதுகொண்டுதான் கேட்டாள். ஜெயம்மாள், "சாமைடி அது, எங்காளும் சாராயத்தக் குடிச்சிதானடி செத்தாரு, நான் கலப்பனா?" என்றாள். அதுவும் உண்மை. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் தாலி இழந்தவர்கள். அந்த இரைச்சலில் யாருக்கும் அது கேட்கவில்லை.

அவள் ஒரு சொம்பு கூழை மொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று குடிக்கப் போனாள். யாரோ சொம்பைத் தட்டிவிட்டார்கள். சுபாஷ் ஓடிவந்து குறுக்கே நின்றான், அவனுக்கும் அடி விழுந்தது. தள்ளுமுள்ளில் ஜெயம்மாள் பின்பக்கமாகச் சாய்ந்து சாக்கடைக் கல்லில் தலை மோதி விழுந்தாள். தள்ளியது எந்தக் கை என்று கடைசிவரை உங்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. பிறகு நீங்கள் வந்து, வண்டியில் இருந்த சடையனின் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினீர்கள். சாமை ரோட்டில் பரவியது. சின்னப்பொண்ணு அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் எதிர்க்கடை வாசலில் நின்றிருந்தேன். அந்த ஒரு வார்த்தையை அங்கிருந்து உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை, மேடம். தொடக்கத்திலேயே சொன்னேன்.

நீங்கள் சுபாஷைப் பிடித்துக்கொண்டு போன அன்று கவுஸ் பாய் வாக்கு மாறாமல் எட்டு மணியை என்னிடம் கொடுத்தார். அவர் கண் சிவந்திருந்தது. ஜெயம்மாள் இறந்த செய்தியை நான்தான் வாசித்தேன். கூழ், தாழ்ந்த விலை, விழுந்து, உயிரிழந்தார். ஒரு ழகரம்கூட நழுவவில்லை.

இப்போது நீங்கள் அவனை விட்டுவிட்டீர்கள், அது உங்கள் அதிகாரம். நானும் எதிர்க்கவில்லை. பாய் அவனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், அவன் இனி மைக்கைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். ஜெயம்மாளின் மகளைப் படிக்க வைக்கப் போகிறானாம். நல்ல விஷயம்தான். ஆனால் என் பெயருக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனை காலத்தில் என் பீப் ஒருமுறைகூடத் தவறான இடத்தில் விழுந்ததில்லை. அன்றும் விழவில்லை. அந்தச் சொல்லை நான் தேர்ந்தெடுத்தேன். யார் என்ன நினைப்பார்கள் என்று தெரிந்துதான் போட்டேன். ஒரு பெண் சாவாள் என்று நினைக்கவில்லை, ஆனால் செத்தபோது ஆச்சரியப்படவும் இல்லை. கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, கவனமாக என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், மேடம். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. எட்டு மணிக்கு நான் செய்தி வாசிக்கப் போக வேண்டும். வேறு யாராவது உட்கார்ந்தால் தமிழைக் கொன்றுவிடுவார்கள்.