கீழே விழுந்த திருகு

எனக்கு முதுகு வலி உண்டு, ஐயா. எட்டு வருஷம் லேசர் மேசைமேல் கவிழ்ந்து நின்றதில் வந்தது. கீழே எது விழுந்தாலும் "இருங்கக்கா, நான் எடுக்கறேன்" என்று பொடிசுதான் குனிவாள். எங்கள் ஆய்வகத்தில் கடைசியாகச் சேர்ந்த மாணவி; பொடிசு என்பது நான் வைத்த பெயர். எனக்குத் தங்கை இல்லாத குறை அவளால் தீர்ந்தது. இதை வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை.

ஒளியை ஒவ்வொரு துகளாக எண்ணுவது எங்கள் வேலை. இருட்டுப் பெட்டிக்குள் எண்ணும் கருவி, வெளியே கண்ணுக்குத் தெரியாத லேசர். என் ஆய்வேடு முழுக்க அந்த எண்ணிக்கைதான். சமர்ப்பிக்க இருபது நாள் இருந்தது. போனை எடுத்தாலே அம்மா "சொல்லுங்க டாக்டரம்மா" என்று கிண்டல் பண்ண ஆரம்பித்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பொடிசு லேசரின் பாதையில் ஒரு கறுப்பு அட்டையை வைத்தாள். எண்ணிக்கை இறங்கவே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் மின்விசிறியில் கடுகளவு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நான் சரிபார்க்கும்போதெல்லாம் மெயின் சுவிட்சையே அணைப்பேன்; லேசரோடு விளக்கும் அணைந்துவிடும். எட்டு வருஷமாக நான் எண்ணியது அந்த விளக்கைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றாள். அழுததும் அவள்தான். "நோட்டுல எழுதி வச்சிருக்கேன். திங்கக்கிழமை சார்கிட்ட சொல்லிடலாம். நானும் கூட வரேன்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"உங்ககிட்ட சொல்லாம நான் யார்கிட்டக்கா சொல்லுவேன்?"

 முப்பத்து நாலு வயதில் மறுபடி முதலிலிருந்து என்றால் யாரால் முடியும், நீங்களே சொல்லுங்கள்.

மதியம் இரண்டு பேரும் லேசரைச் சீரமைத்தோம். லேசர் பட்டால் ஒளிரும் அட்டை ஒன்றை வைத்துத்தான் அதன் புள்ளியைப் பார்ப்போம்; பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் அதுவும் தெரியாது. அதனால் எல்லோரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் வேலை பார்ப்போம். தப்புதான், பேராசிரியரே அப்படித்தான். அதற்கு ஈடாக எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாராவது குனிய வேண்டுமானால், லேசர் பக்கம் நிற்பவர் கறுப்பு அட்டையால் அதை மறைத்துவிட்டு "மறைச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்காமல் யாரும் குனிய மாட்டோம். பொடிசு நிச்சயமாகக் குனிய மாட்டாள்.

ஒரு திருகு விழுந்தது. லேசரைத் திருப்பிவிடும் கண்ணாடி ஒன்று, ஒளி மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே போகும்படி சாய்ந்திருந்தது. குனிந்த பொடிசின் வலது கண் போய்விட்டது. இடது கண் பிறவியிலேயே மங்கல். ஆய்வகத்தில் அது என் ஒருத்திக்குத்தான் தெரியும். சேர்ந்த புதிதில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். வேளா வேளைக்குச் சொட்டு மருந்து போட்டேன், தலை வாரிவிட்டேன். அவளுடைய நோட்டைப் படித்துக்காட்டச் சொன்னாள். படித்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கம் வந்தபோது வியாழக்கிழமையையே இன்னொரு தரம் படித்தேன்.  நேற்று அவள் அதை நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாளாம். அந்த நோட்டுதான் இப்போது இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசைமேல் இருக்கிறது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியைச் சாய்த்தது நான். திருகை முழங்கையால் தட்டிவிட்டதும் நான். அவள் எப்போதும் போல "மறைச்சாச்சாக்கா?" என்று கேட்டாள். என் கை கறுப்பு அட்டைப் பக்கம் போகவே இல்லை. "மறைச்சாச்சும்மா" என்றேன்.

என்னை உள்ளே விட வேண்டாம் என்று அவள் சொன்னதாக ஆஸ்பத்திரி வாசலில் சொன்னார்கள். சின்னப் பெண், கோபம் இருக்கத்தானே செய்யும். மணி மூன்று ஆகிறது, ஐயா. மூன்றரைக்குச் சொட்டு மருந்து போட வேண்டும். நான் போகலாமா? என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?